கையப் பாருடா!

"கனவான்னு கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம் மாமா. கை விரலை எண்ணிப் பாருங்க, அஞ்சு இருக்காது. அப்புறம் நீங்க வச்சதுதான் சட்டம். அடிபட்டாலும் வலிக்காது" என்று மைத்துனன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம்தான் கொண்டாட்டம். பகலெல்லாம் ஃபோர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை, கனவில் விரலை எண்ணிவிட்டு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பான்.

இன்று தகடு வெட்டும் மெஷின் முன்னால் நிற்கும்போதே கண் சொக்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்தால், ஃபோர்மேன் கத்திக்கொண்டே ஓடி வருகிறார்.

"டேய்! கையப் பாருடா!"

இடது கையைப் பார்த்தான். நாலு விரல்தான் இருந்தது.

அட, கனவா! சிரிப்பே வந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்து ஃபோர்மேனின் மண்டையில் ஒரே போடு போட்டான். அவர் சுருண்டு விழுந்தார்.

"இந்தா, இதையும் வாங்கிக்கோ!" என்று ஆத்திரம் தீர இன்னும் நாலு போட்டான்.

யாரோ மெஷினை நிறுத்தினார்கள். ஃபோர்மேனின் பிடி தளர்ந்தது. அவனுக்குக் கட்டுப் போட அவர் எடுத்து வந்த துணிச்சுருள் உருண்டு வந்து மெஷினடியில் நின்றது. பக்கத்திலேயே அவனுடைய சுண்டுவிரல்.

அப்போதுதான் கை வலிக்க ஆரம்பித்தது.