ஆம்புலன்ஸ் டிரைவரின் சத்தியம்

“சிஸ்டர், கட்டினா உங்களைத்தான் கட்டணும்னு இருக்கேன்!” ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸை மடக்கி, ஒரே மூச்சில் சொல்லிவிட்டான் ஆம்புலன்ஸ் டிரைவர்.

“முதல்ல இந்த ‘சிஸ்டர்’ங்கறதை விடுங்க. வீட்டுல வேற வரன் பார்த்தாச்சு. சாயந்தரத்துக்குள்ள நான் பதில் சொல்லணும். விளையாடாம, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.”

தொட்டான். “சத்தியமா!”

நர்ஸின் முகம் சிவந்தது. “என்கிட்டயே காது குத்தறீங்களா, டிரைவர் சார்? இதயம் எந்தப் பக்கம்னு நர்ஸுக்குத் தெரியாதா? வலது பக்கம் கை வச்சுப் பொய்ச் சத்தியமா பண்றீங்க? அந்த வரனுக்கே சரின்னு சொல்லிடறேன்.” போனை எடுத்தாள்.

“ஐயோ, ஒரு நிமிஷம்! ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.”

வேண்டாவெறுப்பாகக் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பை அவன் மார்பின் இடது பக்கம் வைத்தாள். துடிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. வலது பக்கம் நகர்த்தினாள். லப்டப், லப்டப் என்று கணீரென்று ஒலித்தது.

நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினாள். “என்னங்க இது... இதயம் இடம் மாறியிருக்கு!”

“எனக்குப் பொறக்கும்போதே மாறிடுச்சு. உங்களுக்கு?”

அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

“எனக்கு இப்பத்தான்.”