குப்பைப் படத்தின் முடிவு

திரையில் கொலைகாரன் கத்தியை ஓங்கியபோது தீ அபாய மணி அலறியது. அதுவும் படத்தில் வரும் சத்தம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். விளக்குகள் எரிந்த பிறகுதான் கோட்டுகளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

வெஸ்னா மட்டும் எழுந்திருக்கவில்லை. வான்கூவரின் அந்தப் பழைய தியேட்டரில் மாதம் ஒரு படமாவது பார்த்துவிட்டு, போகும்போது மேனேஜர் ரோவெலிடம் அதைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போகும் கிழவி.

"மேடம், எழுந்திருங்க. அலாரம் அடிக்குது" என்றான் ரோவெல்.

"அடிக்கட்டும். படம் முடிஞ்சதும் வர்றேன்."

கையைப் பிடித்து ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் அவளை வெளியே கொண்டுவந்தான். பாப்கார்ன் கருகியதைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனாலும் தீயணைப்புக்காரர்கள் வந்து சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. கூட்டம் தூறலில் நனைந்தபடி நடைபாதையில் நின்றது.

"கொலைகாரன் யாருன்னு தெரியாம தலை வெடிக்குதா மேடம்?"

"பக்கத்து வீட்டு டாக்டர்தான். முதல் சீன்ல அவன் சிரிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. குப்பைப் படம்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவளை முறைத்தார்கள்.

"போன மாசம் காதல் படம் பார்த்தீங்களே, அது?"

"அது இதைவிடக் குப்பை. பிரியப்போறவங்க ரயில் கிளம்புற வரைக்கும் வசனம் பேசிட்டே இருக்காங்க. நிஜத்துல யாருக்கு அவ்வளவு நேரம் கிடைக்குது தம்பி? மழை மட்டும் நல்லா இருந்துச்சு."

ரோவெலுக்குச் சிரிப்பு வந்தது. "மழை பார்க்கவா டிக்கெட் வாங்குறீங்க? நம்ம ஊர்ல அது சும்மாவே கொட்டுதே."

அவள் சிரிக்கவில்லை. தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீயணைப்பு வண்டி வந்து போனதும், வேறு படம் பார்க்க ஆளுக்கொரு இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்தது. வெஸ்னா வாங்க மறுத்தாள்.

"எனக்கு இந்தப் படத்தோட முடிவுதான் வேணும்."

"இதுதான் கடைசி ஷோ மேடம். நாளைக்குப் புதுப் படம். கொலைகாரன் யாருன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க, இன்னும் என்ன முடிவு? கொஞ்ச நாள் பொறுத்தா டிவியில வந்துடும்."

"டிவியில கடைசியா பேருங்க ஓட ஆரம்பிச்சதுமே அடுத்த படத்தைப் போட்டுடுறான். எனக்கு அந்தப் பேருங்கதான் வேணும். என் பையன் பேரு அதுல வரும். மழை, புகை எல்லாம் அவன் கம்ப்யூட்டர்ல செஞ்சது."

ரோவெலுக்குச் சுருக்கென்றது. மழையைப் பற்றித் தான் அடித்த ஜோக்கை நினைத்து முகம் சிவந்தான்.

அந்த ஊரில் பலருக்கு அதுதான் பிழைப்பு. இருட்டறையில் உட்கார்ந்து யாருடைய படத்துக்கோ வெடியும் பனியும் செய்வார்கள். வேலை முடிந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துப் படம் வரும். அப்போது யாராவது ஒரு தாயோ தகப்பனோ, அரங்கைப் பெருக்கத் துடைப்பத்தோடு காத்திருக்கும் ஆட்களைச் சட்டை செய்யாமல், கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா, என்கிட்ட இப்படிக் கிண்டல் பேச உனக்கு வாய் வந்திருக்காது. எனக்குச் சண்டை போட ஆள் வேணுமே."

அவளை உள்ளே அழைத்துப் போய், படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் ஓடவிட்டான். காலி அரங்கில் வெள்ளை எழுத்துகள் கூட்டம் கூட்டமாக மேலே ஏறின. வெஸ்னா எழுந்து திரைக்கு அருகே போய் நின்றாள்.

ஒரு வரி வந்ததும் கையை நீட்டித் திரையைத் தொட்டாள். இவோ என்ற பெயர் அவளுடைய விரல்களின் மேல் ஊர்ந்து, கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய் மறைந்தது. திரை இருண்ட பிறகும் அவள் கையை இறக்கவில்லை.

ரோவெல் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும்போல இருந்தது.

"உங்க பையனோட அடுத்த படம் எதுன்னு சொல்லுங்க மேடம். எவ்வளவு குப்பையா இருந்தாலும் முதல் நாளே உங்களுக்கு சீட் பிடிச்சு வைக்கிறேன்."

வெஸ்னா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

"அவனைப் புதைச்ச பிறகும் படம் வந்துட்டே இருந்துச்சு தம்பி. இதுதான் கடைசி."