வெளிர்நீலம்

"என் செல்லை எண்ண இலைக்காரரா?"

ஆய்வுக்கூடக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் அக்கா. வயதில் மூத்தவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். தலைமை விஞ்ஞானிக்கும்கூட.

தலைமை விஞ்ஞானி அவரைவிட ரொம்பச் சின்னவள். கொஞ்ச நாளாக அறைக்குள்ளேயும் கம்பளிக் குல்லாவோடு திரிகிறாள். "பதவி வந்ததும் ஸ்டைலைப் பாரு" என்று முதுகுக்குப் பின்னால் குல்லாக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஆமாக்கா, அவர்தான் எண்ணப் போறாரு" என்றாள் அவள், நிமிராமலே.

இலைக்காரர் மாடியில் செடிகளை ஆராய்கிறவர். புற்றுச் செல்லை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? கீமோ மருந்து நுழைந்ததும் புற்றுச் செல்லுக்குள் துளியூண்டு நொதி ஒன்று, 'ஆபத்து, தப்பிச்சுக்கோ' என்று சேதி அனுப்புகிறது. செல் பிழைத்துக்கொள்கிறது. அதைக் கண்டுபிடித்ததே அக்காதான். நொதியின் வாயை அடைத்துவிட்டு மருந்தைக் கொடுத்தால் செல் சாகுமா என்பதுதான் இப்போதைய சோதனை.

சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். நீலம் ஏறினால் செத்தது. ஏறாவிட்டால் உயிரோடு இருக்கிறது. வெளிர்நீலமாக நிற்பதுதான் வம்பு. அதைப் பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"மேடம், என் தம்பி ஆஸ்பத்திரியில கெடக்கறான். எந்த கீமோவும் அவனுக்குக் கேக்கல. என்னைவிட யாரு கவனமா எண்ணிடப் போறாங்க?"

"அதனாலதான்க்கா நீங்க வேணாங்கறேன்."

"என்னது?"

"நேத்து நீங்க எண்ணின செல் தட்டை அவரையும் எண்ணச் சொன்னேன். எதுல நொதியை அடைச்சிருக்கோம்னு அவருக்குத் தெரியாது. நீங்க செத்துருச்சுன்னதுல பாதி சாகலைங்கறாரு. வெளிர்நீலத்தையெல்லாம் செத்ததுல சேத்திருக்கீங்க."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. மேடமும் மரியாதையும் பறந்துபோயின.

"நான் பொய் எழுதறேங்கறியா?"

"பொய் இல்லக்கா, ஆசை."

"உனக்கென்னம்மா, குல்லாவைப் போட்டுக்கிட்டு உக்காந்து பேசுவ. வீட்டுல ஒருத்தர் படுத்தாத்தான் தெரியும். சாகலைன்னு வந்தா இந்த ஆராய்ச்சியையே மூட்டை கட்டிடுவாங்க. என் தம்பிக்கு வேற வழியே இல்ல."

"சாகாததைச் செத்துருச்சுன்னு எழுதினா, அதை நம்பித்தானேக்கா நாளைக்குத் தம்பிக்கு இந்த மருந்தை ஏத்துவாங்க?"

அக்காவுக்கு விட மனசில்லை.

"சரி, நான் வேணாம். நீ எண்ணு. உனக்குத்தான் ஆசாபாசமே கிடையாதே!"

"எண்ணினேன்க்கா. அதே தட்டைத்தான்."

"என்ன வந்துச்சு?"

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மெதுவாகக் குல்லாவைக் கழற்றினாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"உங்களுக்கு வந்ததேதான்க்கா. வெளிர்நீலமெல்லாம் எனக்கும் நல்ல நீலமாத்தான் தெரிஞ்சுது."