மூன்றாவது வரி

பென்டிரைவைப் பிடுங்கினால் எல்லாம் கெட்டுவிடும். பிடுங்காவிட்டால் அவன் பார்த்துவிடுவான்.

வெளியே பைக் நின்ற சத்தம்.

திரையில் கோடு முக்கால்வாசிதான் நகர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சலூனில் கூட்டம் இருக்கும், மெதுவாகத்தான் வருவான் என்று நினைத்திருந்தாள். கணக்கு தப்பிவிட்டது.

அவளுக்குப் போன் கிடையாது. இருந்ததைச் சுவரில் அடித்து உடைத்தவன் அவன்தான். மிச்சம் இந்த லேப்டாப். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனுடையது. இதில் அவள் எதைத் தட்டினாலும் அவன் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கடைக்காரனிடம் சொல்லி அப்படி ஒன்றைப் போட்டு வைத்திருந்தான்.

அதனால்தான் இது.

அவனுடைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பக்கத்தில், அவன் அறியாமல், லினக்ஸ் என்று தனியாக இன்னொரு சிஸ்டம்; அவன் வேவு அதற்குள் எட்டாது. அதிலிருந்து அக்காவுக்கு ஒரே ஒரு வரி போனால் போதும். வந்து என்னைக் கூட்டிப்போ.

பென்டிரைவும் அக்கா கொடுத்ததுதான். ஒரு வளைகாப்பில், தாம்பூலப் பைக்குள் வைத்து.

கோடு முடிந்தது. லேப்டாப்பை மறுபடி தொடங்கவா என்று கேட்டது. தட்டினாள். பென்டிரைவை உருவி இடுப்பில் செருகினாள்.

திரை இருண்டது.

பின்வாசல் நிலையில் அவன் நின்றிருந்தான். கழுத்தெல்லாம் துணுக்கு முடி.

முடி வெட்டிக்கொண்டு வந்தால், தலை முழுகும்வரை எதையும் தொடமாட்டான். தண்ணீர்ச் சொம்பைக்கூட. அந்த ஒரு பழக்கம்தான் இப்போது அவனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நின்றது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. எதற்குள் போகவேண்டும் என்று கேட்கும் பட்டியல். சில நொடிகளில் தானாக நகர்ந்துவிடும்.

மூடியை இறக்கப் போன விரல் அம்புப் பொத்தானில் பட்டது. பட்டியல் அப்படியே நின்றுவிட்டது.

அப்டேட் ஆகிறது என்றாள்.

அவன் திரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

கோபப்படவில்லை.

துண்டு கேட்டான். தள்ளி நின்று போட்டாள். குளியலறைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

தண்ணீர் கொட்டியது. நடுவே அவன் குரல். என்றுமில்லாத இதமான குரல்.

"துவைச்ச துணிய நீ தூக்கிட்டுப் போக வேணாம்மா. இரு, குளிச்சிட்டு வந்துடறேன். மாடிக்குச் சேந்தே போலாம்."

இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவன் துணி வாளியைத் தூக்கியதில்லை.

திரையின் பக்கம் திரும்பினாள். இரண்டு வரிதான் இருக்கவேண்டும். அவள் போட்ட லினக்ஸ். அவனுடைய விண்டோஸ்.

மூன்று இருந்தன.

மூன்றாவது இன்னொரு லினக்ஸ். பழையது. யாரோ எப்போதோ போட்டு மறைத்து வைத்தது. அவள் போட்டது உள்ளே துழாவி அதையும் பட்டியலுக்கு இழுத்து வந்திருந்தது.

அவனா? அவனுக்கு இதெல்லாம் வராது.

கீழே இறக்கித் தட்டினாள்.

பாஸ்வேர்டு கேட்டது. அதற்கு மேலே, இதைப் போட்டவரின் பெயர்.

தில்லைநாயகி.

ஹாலில், மாலை போட்ட படத்தில் இருப்பவள். அவனுடைய முதல் மனைவி.

துணி காயப்போடப் போன இடத்தில், மாடியிலிருந்து கால் தவறி விழுந்தவள்.