உட்காரும் தீதி

"இன்னும் பத்தடிகூட நடக்கலையே தீதி! அதுக்குள்ள உட்கார்ந்துட்டீங்களா?"

வழிகாட்டி திலக் சிங் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"மூச்சு வாங்குதுப்பா," என்றாள், அவன் தீதி, அதாவது அக்கா என்று கூப்பிட்ட பீனா நௌடியால். "இது என்ன பூ?"

"எத்தனை தடவை சொல்றது? பால்சம். அப்பவும் பால்சம், இப்பவும் பால்சம்."

இமயமலையின் பூப்பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததிலிருந்து இதே கதைதான். பாறையைக் கண்டால் உட்கார்ந்தாள். பாலத்தைக் கண்டால் உட்கார்ந்தாள்.

பௌரியிலிருந்து அவளோடு வந்திருந்த வங்கி ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். லலித் வாய்விட்டே சொன்னான்.

"ஆத்தங்கரை வரைக்கும் போகலாம்னு வந்தோம். இவங்களைக் கூட்டிட்டு வந்தது தப்பு."

"குதிரையை இங்கே விடமாட்டாங்க சாப். விட்டா இப்பவே ஏத்தி அனுப்பிடுவேன்," என்றான் திலக்.

எல்லோரும் சிரித்தார்கள். பீனாவும் சிரித்தாள். அடுத்த திருப்பத்தில் மறுபடி உட்கார்ந்தாள்.

திலக்கும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டான். மழையில் வழுக்கி விழுந்ததிலிருந்து முட்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவனை வேலைக்கு வைத்திருந்த விடுதிக்காரருக்குத் தெரிந்தால் சீசன் முழுக்க வேறு ஆளைப் போட்டுவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டாமல் நடந்தான்.

ஆற்றை எட்டாமலே திரும்பினார்கள். தங்கியிருந்த கங்காரியா கிராமத்துக்கு வந்ததும் பீனா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். லலித் முகம் கொடுக்கவில்லை.

"அடுத்த தடவை பத்ரிநாத் போங்க தீதி," என்றான் திலக். "பஸ்லயே போயிடலாம்."

"நல்ல யோசனை," என்றாள் பீனா.

மறுநாள் அவர்கள் மலைமேல் இருக்கும் ஹேம்குண்டு குருத்வாராவுக்கு ஏறினார்கள். செங்குத்தான பாதை. ஆனால் வழிகாட்டி தேவையில்லை. திலக் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து முட்டிக்குக் கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மேலிருந்து இறங்கி வந்த குதிரைக்கார பச்சன் அவனைத் தேடி வந்தான்.

"திலக், நேத்து ஒரு தீதியைக் கூட்டிட்டுப் போனியே..."

"ஏன், விழுந்துட்டாங்களா? குதிரை கேட்டாங்களா?"

"குதிரையா! என் குதிரையையே முந்திட்டாங்க. கூட வந்தவங்க பாதி வழியில நாக்குத் தள்ளி நிக்கிறாங்க. இவங்க மேலே போய் டீயும் குடிச்சாச்சு."

திலக்கின் கை முட்டிமேல் நின்றது.

"எங்கேயும் உட்காரலையா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'இன்னைக்கு எதுக்கு உட்காரணும்? முட்டி வலிக்காரர் யாரும் கூட வரலையே'ன்னாங்க."