தெக்லாவின் சுற்று

"காத்து," என்றாள் இம்கே. "அவ ஓட்டும்போது பின்னாலேருந்து காத்து அடிச்சுது."

ஃபோல்கர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு பொரித்த உருளைக்கிழங்குத் துண்டை மயோனைஸில் தோய்த்தான். கார்களின் அளவீடுகள் எல்லாம் அவன் பொறுப்பு.

"சுத்திச் சுத்திப் புறப்பட்ட இடத்துக்கே வர்ற ரோடு இது. ஒரு பக்கம் தள்ளுற காத்து இன்னொரு பக்கம் இழுக்கும். காத்துக்கு யார்மேலயும் தனிப் பிரியம் கிடையாது தாயே."

பட்டறையில் இருந்த மெக்கானிக்குகள் சிரித்தார்கள்.

வெளியே இரண்டு கார்களும் அருகருகே நின்றன. ஒரே மாடல், ஒரே எடை, ஒரே சாம்பல் நிறம். காலையில் நூர்புர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்கு வளையத்தில் ஒன்றை இம்கே ஓட்டினாள். அவள் இறங்கியதும் மற்றொன்றைத் தெக்லா ஓட்டினாள்.

தெக்லா இரண்டு நொடி குறைவாக எடுத்துக்கொண்டாள்.

நாளை கம்பெனி இந்தக் காருக்கான அதிகாரபூர்வச் சுற்று நேரத்தை எடுக்கிறது. ஒருத்திதான் ஓட்டுவாள். விளம்பரத்தில் நேரத்துக்குக் கீழே அவள் பெயரும் வரும்.

ஏழு வருடமாக இம்கே அந்தச் சுற்றுக்காகக் கார்களைத் தயார் செய்து கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ வந்து ஓட்டினார்கள். "அடுத்தது உனக்குத்தான்," என்று தலைவர் ஹார்ட்மூட் குளிர்காலத்தில் சொல்லியிருந்தார். வசந்தத்தில் தெக்லா வேலைக்குச் சேர்ந்தாள்.

இப்போது தெக்லா வாசலில் சாய்ந்து, யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் அவள் தலைமுடி கலையவில்லை. இம்கே அதையும் பார்த்தாள்.

"டயர்?"

"ரெண்டு செட்டும் ஒரே நாள் வந்தது. ஒரே சூடு."

"நான் போனப்போ காட்டுக்குள்ள ரோடு ஈரமா இருந்துச்சு."

ஃபோல்கர் இன்னொரு துண்டை எடுத்தான். பாதை சுற்றிப்போகும் ஐஃபல் மலையில் ஒரு வளைவில் மழை பெய்யும், அடுத்ததில் வெயிலில் கண் கூசும். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இம்கே குரலைச் சற்று உயர்த்தினாள். "ஒரு கம்பெனி கடைசி நேர்ரோட்டையும் சேர்த்து நேரம் எடுக்கும். இன்னொண்ணு அதை விட்டுட்டு எடுக்கும். அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அச்சடிச்சு, யார் கார் வேகம்னு சண்டை போடுவாங்க. இந்த நேரத்தையெல்லாம் நம்பியா ஆளை முடிவு பண்றீங்க?"

"இத்தனை வருஷமா அதை நம்பித்தானேம்மா காரை விக்கிறோம்," என்றார் ஹார்ட்மூட்.

மறுபடி சிரிப்பு. ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, மொத்த நேரத்தை விடு. துண்டு துண்டாப் பாப்போம். காத்து, ஈரம்னா வித்தியாசம் ரோடெல்லாம் சிதறிக் கிடக்கும். ஓட்டினவளாலன்னா ஒரே இடத்துல குவிஞ்சிருக்கும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் இம்கே. நியாயமான சோதனை. அவளுக்கு மூச்சு சீரானது.

ஃபோல்கர் இருவரின் வேகக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தான். இம்கே நீலம். தெக்லா சிவப்பு.

பாதிச் சுற்றுவரை கோடுகள் ஒட்டியே ஓடின. சில இடங்களில் நீலம் ஒரு மயிரிழை மேலே இருந்தது.

பெர்க்வெர்க்கில் பிரிந்தன.

பள்ளத்தில் வலப்பக்கம் மடங்கும் வளைவு அது. அதற்கப்புறம் நீண்ட ஏற்றம். சிவப்புக் கோடு வளைவுக்கு வெகுமுன்னே பயந்ததுபோல் விழுந்தது. நீலம் கடைசி நொடிவரை உயரத்திலேயே இருந்தது. ஆனால் வளைவைவிட்டு முதலில் எழுந்தது சிவப்பு. ஏற்றம் முழுவதும் அது மேலேயே போனது.

இரண்டு நொடியும் அங்கேதான் கிடந்தது. வேறெங்கும் ஒன்றுமில்லை.

ஹார்ட்மூட் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "தெக்லா! பெர்க்வெர்க்ல ஏன் அவ்வளவு முன்னாடியே பிரேக் பிடிச்சே?"

தெக்லா போனை இறக்கினாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஐயோ, அது என் மூளை இல்ல. நேத்து காபி மெஷின்கிட்ட இம்கேதான் சொன்னாங்க. முன்னாடியே பிடிச்சிரு, இல்லன்னா நேரா வேலிதான்னு."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் இம்கேவைப் பார்த்தார்கள்.

"அப்போ நீ ஏன் அப்படி ஓட்டல?" என்றார் ஹார்ட்மூட்.

இம்கே வாயைத் திறப்பதற்குள் தெக்லா வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். "தனக்கு வெச்சுக்காம எனக்குக் குடுத்திருக்காங்க. இப்படி ஒருத்தரை நான் எந்த டீம்லயும் பாத்ததில்ல."

மெக்கானிக்குகள் கைதட்டினார்கள். ஃபோல்கர் மட்டும் தட்டவில்லை. இம்கேவின் முகத்தை ஒரு கணம் அதிகமாகப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

ஹார்ட்மூட் எழுந்தார். "நாளைக்குத் தெக்லா ஓட்டட்டும். இம்கே, சாயங்காலம் உக்காந்து மிச்ச வளைவையும் அவளுக்குச் சொல்லிக் குடுத்துரு."

"சரி," என்றாள் இம்கே.

தெக்லா அப்போதே நாற்காலியை இழுத்து அவளருகில் போட்டாள்.

தெக்லா பின்தங்கட்டும் என்றுதான் இம்கே நேற்று அதைச் சொன்னாள். இனி எதைச் சொன்னால் இவள் மெதுவாகப் போவாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.