சைக்கிளுக்கு முந்திப் போன வண்டி

நாமக்கல் சந்தைத் திடலில் உச்சி வெயில் கொளுத்துகிறது. புளியமரத்தடியில் கூண்டு வண்டியை அவிழ்த்துவிட்டு மாரக்காள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். சேலத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் புறப்பட்ட புருஷன் கைலாசத்துக்குச் சோறு, படுக்கை, காற்றடிக்கும் பம்பு எல்லாம் அந்த வண்டியில்தான் வருகின்றன. அவனுக்கு முந்தி வந்து சேர, ராத்தங்கிய ஊரில் கோழி கூப்பிடும் முன்னே மாடு பூட்டியவள் அவள். "ஊருக்குள்ள வந்தா வண்டியத் தள்ளியே நிறுத்து" என்று கைலாசம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். அதோ, கழுத்து கொள்ளாத சாமந்தி மாலையோடு நிற்கிறான். "ஒத்தை ஆளுங்க! தொணைக்கு ஒருத்தருங் கெடையாதுங்க!" என்று மேசைமேல் ஏறி ஒருவர் முழங்க, கைதட்டல் புழுதியோடு சேர்ந்து எழுகிறது. கைலாசம் மறுக்கவில்லை, தலை தாழ்த்திக் கும்பிடுகிறான். நிமிரும்போதுதான் முன்சக்கரத்தைப் பார்க்கிறான். காற்றிறங்கி மண்ணோடு அமுங்கிக் கிடக்கிறது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அவன் கண் புளியமரத்தைத் தேடி வருகிறது. மாலைக்குள்ளிருந்து விரல்கள் மெல்ல அழைக்கின்றன. மாரக்காள் பம்பைக் கையில் எடுக்கிறாள். "உங்களையா கூப்புடறாரு? உங்க ஊட்டுக்காரருங்களா?" என்று பக்கத்து மோர்க்காரி கேட்கிறாள். எடுத்த பம்பை வைக்கோலுக்கு அடியில் ஆழச் செருகிவிட்டு மாரக்காள் சொல்கிறாள்: "இல்லீங்க. அவரு ஒத்தை ஆளுங்க."